ஹைலேண்ட் கவுண்டி: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மேற்கு எல்லையை ஒட்டி ஹைலேண்ட் கவுண்டி என்று ஒரு சின்ன மலைநாடு இருக்கிறது. வர்ஜீனியாவில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் மார்ச் வந்தால் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகு காய்ச்சும் மேப்பிள் திருவிழாவுக்காக ஒருநாள் போய்வருவார்கள். நான் அங்கே அடிக்கடி போகிறவன் என்று தெரிந்துவிட்டதால், யார் கிளம்பினாலும் முதல் நாள் இரவு எனக்குத்தான் அழைப்பு வரும். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

கவுண்டி என்றால் மாவட்டமா, தாலுகாவா?

அதிகாரத்தில் மாவட்டம் மாதிரி. அளவில் தாலுகா மாதிரி. ஆள் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம் மாதிரி. வர்ஜீனியாவில் 95 கவுண்டிகள் உண்டு. எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனியே நிற்கும் நகரங்கள் 38. ஹைலேண்ட் 1847-ல் உருவானது. தெற்கே இருந்த பாத் கவுண்டியிலிருந்தும் வடக்கே இருந்த பெண்டில்டன் கவுண்டியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்து ஒட்டினார்கள்.

பரப்பு சுமார் 1,077 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 2,232 பேர். மாநிலத்திலேயே மிகக் குறைவான ஆட்கள் இருக்கும் கவுண்டி இதுதான். நம்மூரில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில் இரண்டு மூன்று பந்தியில் இத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அவ்வளவு பேருக்கு ஒரு நீதிமன்றம், தேர்தலில் ஜெயித்து வரும் ஒரு ஷெரீப் (போலீஸ் தலைவர்), ஒரே வளாகத்தில் பள்ளிக்கூடம் எல்லாம் தனியாக உண்டு. நகராட்சி அந்தஸ்து உள்ள ஊர் ஒன்றே ஒன்று, மான்டெரே. அங்கே இருப்பவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. மெக்சிகோ போரில், 1846-ல், அங்குள்ள மான்டெரே நகரை அமெரிக்கப் படை பிடித்த செய்தி சூடாக இருந்த காலத்தில் வைத்த பெயர்.

எப்படிப் போவது? வழி கஷ்டமா?

கிழக்கே இருந்து வருகிறவர்களுக்கு வழி ஒன்றுதான். முதலில் ஸ்டான்டன் நகரம். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும், அதையும் சேர்த்து உச்சரித்தால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். அங்கிருந்து 250-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும்.

காரணம், குறுக்கே நான்கு மலைத்தொடர்கள். ஷெனண்டோவா மலை, ஷாஸ் ரிட்ஜ், புல்பாஸ்ச்சர் மலை, ஜாக் மலை. ஒவ்வொன்றிலும் ஏறி, உச்சியில் திரும்பி, மறுபக்கம் இறங்கி, ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் காலை உணவை லேசாகக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். நான் முதல் தடவை போனபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அந்தக் காரைக் கழுவிய கதை இங்கே வேண்டாம்.

ஆனால் ஒரு வேடிக்கை கவனியுங்கள். மான்டெரேயில் நின்று 220-ம் எண் சாலையில் வடக்கேயோ தெற்கேயோ திரும்பினால் வண்டி சுகமாக, பள்ளத்தாக்கின் வாக்கிலேயே போகும். மலை போகிற திசையில் போனால் எல்லாம் எளிது. மலைக்குக் குறுக்கே போனால் எல்லாம் சிரமம். ரோடு, ஆறு, சொந்தபந்தம், போர், போன் சிக்னல் என்று இந்தக் கவுண்டியில் எதைக் கேட்டாலும் பதில் சுற்றி வந்து இதில்தான் முட்டும்.

மலைகள் ஏன் இப்படி வயலில் ஏர் உழுத மாதிரி வரிவரியாக இருக்கின்றன?

இது அப்பலாச்சியன் மலையின் ஒரு பகுதி. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கா இருந்த நிலத்தட்டு வந்து வட அமெரிக்காவின் மேல் மோதியது. தரையில் விரித்த ஜமுக்காளத்தை ஒரு பக்கமிருந்து தள்ளினால் எப்படி மடிப்பு மடிப்பாக எழும்பும்? அப்படித்தான் பாறை அடுக்குகள் எழும்பின. அதன் பிறகு மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தன. கெட்டியான மணற்கல் அரிபடாமல் மலைமுதுகாக நின்றது. சுண்ணாம்புக்கல் கரைந்து பள்ளத்தாக்காயிற்று. ஆகவே உச்சியில் மணற்கல், அடியில் சுண்ணாம்பு, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்ட கோடுகள்.

இந்தப் பாறை விவகாரம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நேரடியாக சம்பந்தப்பட்டது. சுண்ணாம்பு மண்ணில் புல் செழிக்கும். மான்டெரேக்கு மேற்கே ஹைடவுனிலிருந்து வடக்கே விரியும் புளூகிராஸ் பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. மே மாதத்தில் போனால் கண்ணுக்கு எட்டிய வரை மேய்ச்சல்தான். மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மலைச்சரிவை நோக்கித் தலையைத் தூக்க வேண்டும். சுண்ணாம்புப் பாறை என்பதால் அடியில் குகைகள் உண்டு. ஓடைகள் திடீரென்று மண்ணுக்குள் போய் மறையும், வேறு எங்கோ ஊற்றாக எழும்பும். அந்த ஊற்றுத் தண்ணீர் வெயில் காலத்திலும் ஜில்லென்றிருக்கும். டிரௌட் மீனுக்கு அது சொர்க்கம்.

படுக்கையாகக் கிடக்க வேண்டிய பாறை அடுக்கு எழுந்து நிற்பதைப் பார்க்க ஆசையா? மான்டெரேக்கு வடக்கே 220-ம் சாலையோரம் 'பேயின் முதுகெலும்பு' என்ற பெயரில் ஒரு பாறை இருக்கிறது. காரை ஓரம் கட்டிவிட்டே பார்க்கலாம்.

ஒரே கூரையில் விழும் மழை இரண்டு ஆறாகப் பிரிகிறதாமே, உண்மையா?

உண்மைதான். ஹைடவுனில் ஒரு பழைய தானியக் கொட்டகை இருக்கிறது, நீர்ப்பிரிமேட்டின் மேலேயே கட்டப்பட்டது. கூரையின் வடபக்கச் சரிவில் விழும் துளி பொடோமக் ஆற்றின் தென்கிளைக்குப் போகிறது. தென்பக்கச் சரிவில் விழும் துளி ஜாக்சன் ஆற்றில் இறங்கி ஜேம்ஸ் ஆற்றுக்குப் போகிறது. பொடோமக் வாஷிங்டன் வழியாக ஓடுகிறது. ஜேம்ஸ் ரிச்மண்ட் வழியாக ஓடுகிறது. 1861-65-ல் அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் வாஷிங்டன் வடவரின் தலைநகரம், ரிச்மண்ட் தென்னவரின் தலைநகரம். ஒரு தானியக் கொட்டகை எதிரெதிர்த் தலைநகரங்கள் இரண்டுக்கும் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! கடைசியில் இரண்டு துளியும் ஒரே செசபீக் விரிகுடாவில்தான் போய்ச் சேரும் என்பது வேறு விஷயம்.

அது தனியார் நிலம். சாலையிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள், வேலி தாண்ட வேண்டாம். நான் ஒரு தூறல் நாளில் அங்கே நின்றிருக்கிறேன். பார்க்க ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்: சாயம் மங்கிய பலகைச் சுவர், தகரக் கூரை, ஈரத்தில் நிற்கும் நான்கைந்து பசுக்கள். இருந்தும் கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். கூரை விளிம்பில் சொட்டும் ஒவ்வொரு துளிக்கும் ஊர் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன், ரிச்மண்ட், ரிச்மண்ட், ரிச்மண்ட் என்று. கூட வந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

ஆறுகளுக்கு ஏன் மாட்டுப் பெயர்?

கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக மூன்று ஆறுகள்: காஃப்பாஸ்ச்சர், கவ்பாஸ்ச்சர், புல்பாஸ்ச்சர். கன்று மேய்ச்சல், பசு மேய்ச்சல், காளை மேய்ச்சல். முதல் ஆறு பக்கத்துக் கவுண்டிகளில் ஓடுவது. மற்ற இரண்டும் ஹைலேண்டுக்கு உரியவை. ஊரில் சொல்லும் கதை இது. கிழக்கே குடியேறிகளிடமிருந்து செவ்விந்தியர்கள் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே போனார்களாம். முதல் மலையைத் தாண்டியதும் கன்றுகள் களைத்து நின்றுவிட்டன. அடுத்த மலைக்குப் பிறகு பசுக்கள். அதற்கும் அடுத்ததைத் தாண்டியது காளைகள் மட்டும்தான்.

கதை நிஜமா என்று நான் வாதாட வரமாட்டேன், பூர்வகுடிகளைத் திருடர்களாக்கும் குடியேறிக் கதைகள் அந்நாட்டில் எக்கச்சக்கம். ஆனால் இதைக் கட்டியவருக்கு அந்த வழி காலில் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தொடரிலும் ஒரு தரம் மூச்சு வாங்கும் என்று தெரியாதவருக்கு இப்படி ஒரு வரிசை தோன்றாது.

அங்கே எரிமலை இருக்கிறதா?

இருந்தது. மான்டெரே ஊரின் தென்மேற்கு ஓரத்தில் டிரிம்பிள் நாப் என்று ஒரு குன்று, அரிசியைக் குவித்து வைத்த மாதிரி கூம்பாக. மற்ற மலைகளெல்லாம் நீளநீளமாகக் கிடக்க, இது மட்டும் ஒற்றையாக நிற்பதைப் பார்த்தாலே ஏதோ வேறு சங்கதி என்று புரியும். பழைய எரிமலைக் குழாய்க்குள் உறைந்த கருங்கல் அது. வயது நான்கைந்து கோடி ஆண்டுகள்தான். 'தான்' என்று சொல்லக் காரணம் உண்டு: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெரிந்த எரிமலைப் பாறைகளில் மிக இளையவற்றில் இதுவும் ஒன்று. கண்டங்கள் மோதிய காலமெல்லாம் எப்போதோ முடிந்து, எரிமலைக்கு எந்த வேலையும் இல்லாத இடத்தில் இது எப்படி எழும்பியது என்று நிலவியல்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், இனி பொங்காது. மேலே மாடு மேய்கிறது.

மேப்பிள் பாகு எப்படிக் காய்ச்சுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகிறவர்கள் பாதிப் பேர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பனையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபடும். மரத்திலிருந்து இனிப்புத் தண்ணீர் எடுக்க வேண்டும், அடுப்பில் வைத்து வற்ற வைக்க வேண்டும். வித்தியாசம் பருவத்தில். சர்க்கரை மேப்பிள் மரத்துக்கு இரவில் உறைபனி வேண்டும், பகலில் பனி இளகும் அளவுக்கு வெயில் வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் உண்டாகிச் சாறு வடியும். ஹைலேண்டில் அது பிப்ரவரி, மார்ச்சில் சில வாரங்கள் மட்டும். தொடர்ந்து குளிரடித்தாலும் ஓடாது, ஒரேயடியாகச் சூடு வந்தாலும் ஓடாது. மரத்தில் மொட்டு கிளம்பிவிட்டால் சாற்றின் ருசி கெட்டுவிடும், அன்றோடு கடை மூடல்.

மரத்தில் விரல் அளவுக்கும் குறைவான துளை போட்டு, ஒரு சின்னக் குழலைச் செருகுவார்கள். ஒரு மரம் துளை தாங்கும் பருமனுக்கு வர நாற்பது ஆண்டு ஆகும், ஆகவே இன்று காய்ச்சுகிறவர் வடிப்பது அநேகமாக அவர் அப்பாவோ தாத்தாவோ விட்டுவைத்த மரம். முன்பு வாளி தொங்கும். இப்போது பெரும்பாலும் நீல நிற பிளாஸ்டிக் குழாய்கள், மரத்துக்கு மரம் கொடி கட்டிய மாதிரி, சரிவில் தானாக வடிந்து கீழே தொட்டியில் சேரும். அங்கேயும் மலைதான் வேலை செய்கிறது.

வடியும்போது அது வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள் என்று கொடுத்தார்கள். குடித்தேன், எங்கோ தூரத்தில் இனிப்பு இருப்பது போல ஒரு சந்தேகம், அவ்வளவுதான். சர்க்கரை இரண்டு சதவீதம். அதனால் ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும்.

காய்ச்சும் கொட்டகையை அவர்கள் சர்க்கரைக் கேம்ப் என்பார்கள். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும், அத்தனை நீராவி. உள்ளே தட்டையான பெரிய எஃகுத் தகட்டுப் பாத்திரம், நடுவே தடுப்புகள் வைத்து நெளிநெளியாக வாய்க்கால் போல. ஒரு முனையில் சாறு நுழையும், ஊர்ந்து ஊர்ந்து மறுமுனைக்கு வருவதற்குள் பொன்னிறமாகியிருக்கும். அடியில் விறகு. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட சுமார் 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகு தயார். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதுவும் அன்றைய காற்றழுத்தத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். நான் பார்த்த பெரியவர் தெர்மாமீட்டரை மாட்டி வைத்திருந்தாரே தவிர அதன் பக்கம் திரும்பவில்லை. அகப்பையை முக்கித் தூக்கினார். பாகு சொட்டுச் சொட்டாக விழாமல், விளிம்பு முழுக்கப் பரவித் தகடு போல இறங்கியது. "ம்" என்றார், குழாயைத் திறந்தார். கம்பிப் பதம் பார்க்கும் நம் வீட்டுக் கைதான் அது.

வாங்கும்போது ஒரு குறிப்பு. பருவத் தொடக்கத்துப் பாகு வெளிறிய நிறம், மென்மையான ருசி. போகப் போக நிறம் கருக்கும், வாசனை கனக்கும். பரிசு கொடுக்க வெளிறியதை வாங்குவார்கள். எனக்குக் கருத்ததுதான் பிடிக்கும், தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

திருவிழா எப்போது? கூட்டம் தாங்குமா?

வழக்கமாக மார்ச் மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளில். 1950களின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது. இரண்டாயிரம் பேர் இருக்கும் இடத்தில் அந்த நாட்களில் ஆயிரக்கணக்கில் கார்கள் வந்து நிற்கும். காலை ஒன்பது மணிக்குள் மான்டெரே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மேப்பிள் டோனட் வரிசை தெருவின் நீளத்துக்கு நிற்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். அப்பம் சுடுகிறவர், மேசை துடைக்கிறவர், பார்க்கிங் காட்டுகிற பையன் எல்லோரும் ஊர்க்காரர்கள். வசூல் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கும், பள்ளி மாணவர் குழுக்களுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும் போகும். இந்த நான்கு நாள் வருமானத்தை வைத்து ஆண்டு முழுக்க ஓட்டும் சங்கங்கள் உண்டு.

சர்க்கரைக் கேம்ப்புகள் ஊருக்குள் இல்லை, பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. கூட்டத்திலிருந்து தப்பிக்க அவையே வழி.

சைவம் கிடைக்குமா?

கேட்டே தீர வேண்டிய கேள்வி. திருவிழாவில் பன்றிக்கறியும் டிரௌட் மீனும்தான் முக்கியம். சைவக்காரர்களுக்கு பக்வீட் அப்பம். அது கோதுமை இல்லை, வேறு தானியம், சாம்பல் நிற மாவு. பழைய வழக்கப்படி முதல் நாள் இரவே ஈஸ்ட் கலந்து புளிக்க வைத்துக் காலையில் கல்லில் ஊற்றுவார்கள். புளிப்பு நாக்கில் பட்டதும் உங்களுக்கு வீட்டு ஞாபகம் வரும். ஆனால் முட்டை சேர்த்திருக்கிறார்களா, அதே கல்லில் சாசேஜ் வாட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள். கண்டிப்பான சைவம் என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

போன் வேலை செய்யுமா?

பெரும்பாலான இடங்களில் செய்யாது. முதல் காரணம் மலை: ஒரு கோபுரம் நட்டால் அது ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும்தான் உதவும், அடுத்த பள்ளத்தாக்கு மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டாவது காரணம் சட்டம். எல்லைக்கு அந்தப்பக்கம் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற ஊரில், 100 மீட்டர் குறுக்களவு உள்ள பிரம்மாண்டமான ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. வானத்திலிருந்து வரும் மெல்லிய அலைகள் மனித இரைச்சலில் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காக 1958-ல் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் பரப்பை 'வானொலி அமைதி மண்டலம்' என்று அறிவித்தார்கள். ஹைலேண்ட் அதற்குள் வருகிறது. கோபுரம் வைக்கக் கூடாது என்றில்லை. வைப்பதற்கு முன் அலை தொலைநோக்கிக்குத் தொந்தரவு தருமா என்று பார்த்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்யாமல் போய், ஒரு கிளைச்சாலையில் திரும்பி, திரையில் நீலப் புள்ளி வெறும் சாம்பல் நிறத்தில் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டினேன். எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர் தானாகவே நிறுத்தி, "எங்கே போக வேண்டும்?" என்றார். வழி சொன்னபோது ஒரு சாலை எண்கூட அவர் வாயில் வரவில்லை. எல்லாம் மலைப் பெயர், ஓடைப் பெயர், யாருடையதோ பழைய வீடு. அது சரியாகத்தான் இருந்தது.

உள்நாட்டுப் போரில் இங்கே என்ன நடந்தது?

1862 மே 8-ம் தேதி மெக்டவல் கிராமத்துக்குப் பக்கத்தில், சிட்லிங்டன் குன்றில் ஒரு சண்டை. 'ஸ்டோன்வால்' ஜாக்சன் தலைமையில் தென்படை குன்றின் மேலே, மில்ராய், ஷென்க் தலைமையில் வடபடை கீழே கிராமத்தில். சரிவு அவ்வளவு செங்குத்து, பீரங்கியை மேலே ஏற்றினால் அவசரத்துக்கு இறக்க முடியாது என்று ஜாக்சன் ஏற்றாமலே விட்டுவிட்டார். சாயங்காலம் வடபடை மேல்நோக்கி ஏறித் தாக்கியது.

மேட்டில் இருப்பவனுக்குத்தான் சாதகம் என்று நினைப்போம். அன்று அப்படி நடக்கவில்லை. குன்றின் விளிம்பில் நின்ற தென்படையின் ஜார்ஜியா வீரர்கள் வெளிச்சமான வானத்தின் முன்னால் நிழலுருவமாகத் தெரிந்தார்கள், கீழே இருந்தவர்களோ அந்தி இருட்டில் மறைந்திருந்தார்கள். முடிவில் வடபடைதான் இரவோடு இரவாகப் பின்வாங்கியது. ஆனால் சேதம் வென்றவர்களுக்கே அதிகம்: செத்தவர், காயம்பட்டவர் எல்லாம் சேர்த்து அவர்கள் பக்கம் சுமார் 420 பேர், தோற்றவர்கள் பக்கம் சுமார் 260.

ஷெனண்டோவா மலையின் உச்சியில், கவுண்டி எல்லையிலேயே, அதே ஆண்டு வசந்தத்தில் தென்படை வெட்டிய அரண்கள் இன்னும் மண்மேடாகத் தெரிகின்றன. சாலையோரம் வண்டியை விட்டுவிட்டுச் சில நிமிடம் நடந்தால் போதும். அங்கிருந்து மேற்கே பாருங்கள், நீங்கள் கடக்கப்போகும் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் நீலப் புகையாக.

1863 ஜூன் 20 அன்று மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்தது. வடக்கே பெண்டில்டனும் மேற்கே போகஹோன்டஸும் அந்தப்பக்கம் போயின. ஹைலேண்ட் வர்ஜீனியாவிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பக்கம் வேறு மாநிலம் சூழ்ந்த ஒரு மூலை அது.

மக்கள் எப்படி? ஏன் இவ்வளவு குறைவு?

1900 வாக்கில் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். ரயில் மான்டெரேக்கு வரவே இல்லை. பண்ணைக்கு இயந்திரம் வந்ததும் கைகள் தேவைப்படவில்லை, படித்த பிள்ளைகள் மலையிறங்கிப் போனார்கள். இது எல்லா மலை ஊருக்கும் உள்ள கதைதான். இருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். வார இறுதி வீடு கட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் கணிசம். அந்த வீடுகள் பல நாட்கள் பூட்டியே கிடக்கும். மனிதர்களைவிடச் செம்மறி ஆடுகள் அதிகம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சிவப்பு, பச்சை மாறும் சிக்னல் ஒன்றுகூட இல்லை.

கவுண்டிக்குள் பெரிய மருத்துவமனை கிடையாது. அவசரம் என்றால் மலை தாண்டித்தான் ஓட வேண்டும். பனி இரவில் பிரசவ வலி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'அமைதியான ஊர், இங்கேயே இருந்துவிடலாம்' என்று உற்சாகமாகச் சொல்லும் நண்பர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஊர்க்காரர்கள் சாந்தமானவர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் இல்லை. மலைமுதுகில் காற்றாலைகள் நட 2005-ல் அனுமதி கிடைத்தபோது கவுண்டியே இரண்டாகப் பிளந்தது. வரி வருமானம் வரும் என்று ஒரு பக்கம், மலைமுகம் போய்விடும் என்று ஒரு பக்கம். காற்றாலை கடைசி வரை எழும்பவில்லை. பிறகு வந்த அட்லாண்டிக் கோஸ்ட் எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் வழித்தடத்திலும் இந்தக் கவுண்டி இருந்தது. 2020 ஜூலையில் நிறுவனங்களே அதைக் கைவிட்டன.

'வர்ஜீனியாவின் சுவிட்சர்லாந்து' என்கிறார்களே?

சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயர். பனிமலை, ஏரி, கேபிள் கார் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். பசுமையான சரிவில் ஆடு மேய்வதைப் பார்க்கப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

குளிர்காலத்தில் போகலாமா?

ஓட்டத் தெரிந்தால் போகலாம், நல்ல டயர் அவசியம். கூட்டமே இருக்காது. பறவை பார்ப்பவர்கள் குறிப்பாக ஜனவரி, பிப்ரவரியில் புளூகிராஸ் பள்ளத்தாக்குக்கு வருவார்கள், வடக்கிலிருந்து குளிருக்கு இறங்கும் பொன்னாங்கழுகுகளைத் தேடி. மேய்ச்சல் நிலத்துக்கு மேலே, மலைமுதுகை ஒட்டி எழும் காற்றில் சிறகசைக்காமல் மிதக்கும். மேற்கு எல்லையில் லாரல் ஃபோர்க் காட்டில் சிவப்பு ஸ்புரூஸ் மரங்கள் இருக்கின்றன, கனடா பக்கம் வளர வேண்டிய மரம். பனியுகம் முடிந்து குளிர் வடக்கே நகர்ந்தபோது உயரமான இடங்களில் மட்டும் தங்கிப்போனவை. வடக்கத்திப் பறக்கும் அணிலும் அவற்றோடு தங்கிவிட்டது.

அரை நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஸ்டான்டனில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஷெனண்டோவா மலை உச்சியில் நிறுத்தி மேற்கே பாருங்கள். மெக்டவலைத் தாண்டி, ஜாக் மலை இறங்கி, மான்டெரேயில் ஒரு காபி. 1904-ல் கட்டிய மூன்றடுக்கு மர ஓட்டலின் நீண்ட தாழ்வாரத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். அப்புறம் இன்னும் ஒரு மலை ஏறி இறங்கினால் ஹைடவுன். மழை பெய்தால் அந்தக் கொட்டகைக்கு எதிரே காரை நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வெயிலாக இருந்தால் வடக்கே திரும்பிப் பள்ளத்தாக்கின் வாக்கிலேயே மெதுவாக ஓட்டிப் போங்கள். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள், மான்கள் சாலைக்கு வரும் நேரம் அது.